மான் வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதும் கையால் நிரப்புவதும்

மான் வேட்டைக்கு எது நல்ல தோட்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயரைத்தான் கேட்கிறார்கள்: .270 வின்செஸ்டரா, .308 வின்செஸ்டரா, 6.5 கிரீட்மோரா என்று. மானின் உடலுக்குள் போவது பெயரன்று, குண்டு. ஆகவே தேர்வைக் குண்டிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பித்தளைக் கூடு, அடியில் அடிபட்டுத் தீப்பொறி தரும் பிரைமர், எரிந்து குண்டைத் தள்ளும் வெடிமருந்து (இனி மருந்து), குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளை இங்கே தோட்டா என்றும், குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதியை மட்டும் குண்டு என்றும் குறிப்பிடுகிறேன்.

அதற்கும் முன்னதாக, வேட்டையாடப் போகும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட வேண்டும், ஏனெனில் பல இடங்களில் பாதித் தேர்வை அதுவே முடித்துவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான் இனங்களுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குழல் வாயில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,300 ஜூலாவது இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டைப் பயன்படுத்த முடியாது. ஒஹாயோவில் ரைஃபிளால் மான் வேட்டையாட விரும்புபவர், கழுத்துக் குறுகாத நேர்ச்சுவர்க் கூடு உள்ள தோட்டாவையே எடுத்துச் செல்ல வேண்டும்.

குண்டு செய்ய வேண்டிய வேலை இது: விலா எலும்பைக் கடந்து, நுரையீரலுக்குள் விரிந்து, முடிந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். என் மேசை இழுப்பறையில் மானின் உடலிலிருந்து எடுத்த இரண்டு குண்டுகள் இருக்கின்றன. ஒன்று நெருங்கிய தூரத்தில் தோள் எலும்பில் பட்ட மெல்லிய உறைக் குண்டு. கசங்கிய செம்புத் தகடும் அதில் ஒட்டிய சிறிது ஈயமுமே அதில் மிச்சம். மற்றொன்று நடுவில் தடுப்புச்சுவர் வைத்த பார்ட்டிஷன் வகை. முன்பாதி காளான்போல் மடிந்து விரிந்திருக்க, பின்பாதி சிதையாமல் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையும் வேகமும் கொண்டு புறப்பட்டவைதான்.

ஒவ்வொரு குண்டுக்கும் அது ஒழுங்காக விரியும் வேக எல்லை ஒன்று உண்டு. ஈய மையமும் செம்பு உறையும் கொண்ட சாதாரண வேட்டைக் குண்டுகள் பல, இலக்கை அடையும்போது நொடிக்கு சுமார் 550 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் நம்பகமாக விரியும்; முழுச் செம்புக் குண்டுக்குப் பொதுவாக 600 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. முழுவதும் உறையிட்ட ராணுவ வகைக் குண்டு விரியாமல் துளைத்துச் சென்று மானைத் தவிக்க விட்டுவிடும். போட்டிச் சுடுதலுக்கான குண்டு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டையும் மானுக்குப் பயன்படுத்தவே கூடாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாகிறது. அதை நிலையாகச் சுழற்ற, குழலின் உட்பக்கத் திருகுப் பள்ளமான புரி வேகமாக, அதாவது குறைந்த நீளத்திலேயே ஒரு சுற்று முடிப்பதாக, இருக்க வேண்டும். ஆகவே .308இல் 165 கிரெய்ன் ஈயக் குண்டு சுட்டவர் செம்புக்கு மாறும்போது 150 அல்லது 130 கிரெய்னுக்கு இறங்குவது வழக்கம். (ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன்.)

குண்டு முடிவானபின் தோட்டாவின் பெயருக்கு வரலாம். இங்கே தூரமும், சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் உதையும்தான் கணக்கு. 1955இல் வந்த .243 வின்செஸ்டர், 100 கிரெய்ன் குண்டை நொடிக்கு சுமார் 900 மீட்டர் வேகத்தில் செலுத்தும்; உதை மென்மையானது, ஆனால் உறுதியான குண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1952இன் .308, 150 கிரெய்ன் குண்டுக்குச் சுமார் 860 மீட்டர் வேகம் தருகிறது. 1895இல் அறிமுகமான .30-30, அதே எடைக்கு 730 மீட்டரளவே தந்தாலும், அடர்ந்த காட்டில் நூறு மீட்டருக்குள் சுடுபவருக்கு இன்றும் போதும். ஆனால் அத்துப்பாக்கிகளில் வழக்கமான, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை முன்னதன் பிரைமரில் அழுந்தி நிற்பதால், அதில் கூர்முனை ஈயக் குண்டு வைப்பது ஆபத்து, தட்டை முனையே வேண்டும். 1892இன் 7×57 மவுசரை முதியவர் ஒருவர் எடுத்து வந்தால் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் மேக்னம் என்ற அதிவலிமைத் தோட்டாவைவிட, அமைதியாக விசையை அழுத்த முடிகிற சிறிய தோட்டா எவ்வளவோ மேல்.

கையால் நிரப்புவதன் பயன் வேகத்தைக் கூட்டுவதில் இல்லை. நமக்கு வேண்டிய குண்டை, நம் குழலுக்கு ஒத்துவரும் மருந்தோடு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைத்துக்கொள்வதுதான் பயன். அளவுகளை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளரின் அச்சிட்ட கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு அவருடைய துப்பாக்கிக்கு உரியது. கையேடு தொடக்க அளவு தந்திருந்தால் அதிலிருந்தும், உச்ச அளவு மட்டும் தந்திருந்தால் பொதுவாக அதற்குப் பத்து சதவீதம் கீழிருந்தும் தொடங்கி, சிறு படிகளாக ஏற வேண்டும். சுட்டபின் துப்பாக்கியைத் திறக்கும் போல்ட்டின் பிடியைத் தூக்கக் கை கனத்தாலோ, கூட்டின் அடியில் அதை வெளித்தள்ளும் எஜெக்டரின் தடம் பளபளத்தாலோ, பிரைமர் தட்டையாகி ஓரம் வழிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். இந்த அடையாளங்கள் தெரியும் முன்பே அழுத்தம் எல்லையைக் கடந்திருக்கக்கூடும் என்பதால், அவை எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் கையேட்டின் உச்சத்தைத் தாண்டக்கூடாது. குளிர்காலத்தில் உச்சத்துக்கு அருகே அமைத்த தோட்டா வெயிலில் கிடந்தால் கூடுதல் அழுத்தம் காட்டும்.

கூடுகளைப் பார்ப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு மீட்கும்போது, கழுத்துக்குக் கீழே சரியும் அதன் தோளை வேண்டியதற்கு மேல் பின்தள்ளினால், அடுத்த சூட்டில் பித்தளை நீண்டு அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறிது வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும். நீளமும் முக்கியம்: .308 கூடு 51.18 மி.மீ.க்கு மேல் வளர்ந்தால், குழலில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் முனை அதன் வாயைக் குண்டோடு இறுக்கி அழுத்தத்தை ஏற்றும்.

மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா மட்டுமே இருக்கட்டும். மருந்து போட்ட கூடுகளைக் குண்டு செருகும் முன் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது என் பழக்கம். ஒருமுறை தொலைபேசி அழைப்புக்கு எழுந்து போய்த் திரும்பியபோது, ஐம்பதில் ஒரு கூட்டில் மருந்தே இல்லை. வெளிச்சம் அடிக்காமல் செருகியிருந்தால் குண்டு குழலின் நடுவில் மாட்டியிருக்கும், அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும்.

துல்லியத்துக்காக அளவுக்கு மீறி அலைய வேண்டாம். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 20 செ.மீ. அகலம், நூறு மீட்டரில் நான்கு செ.மீ.க்குள் விழும் தோட்டா இருநூறு மீட்டரில் எட்டு செ.மீ.க்குள் நிற்கும், அது போதும். முடிவான தோட்டாக்களின் பெட்டிமேல் குண்டு, மருந்து, அளவு, தேதி ஆகியவற்றை எழுதி, வேட்டைக்கு எடுக்கும் ஒவ்வொன்றையும் சுடுதளத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். பிறகு மூன்று நான்கு நாள்கள் தனித்தனியே போய், ஆறிய குழலில் நாளுக்கு ஒரே ஒரு தோட்டாவை அதே இலக்குக் காகிதத்தில் சுடுங்கள். காட்டில் உங்கள் முதல் குண்டு எங்கே போகும் என்பதை அந்தத் துளைகள் காட்டிவிடும்.