ஓட்டுக் கேட்டு வரும் பழைய சேர்மனின் கதையை நாமே தேடிப் படிப்பது எப்படி?

நம்ம பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் சட்டசபைத் தேர்தல் வந்தால் ஃப்ளெக்ஸில் "முன்னாள் நகரசபைத் தலைவர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பது அதில் வராது, டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை. காகிதத்தைத் தேடுங்கள்.

முதலில் பதவி. கேரளத்தில் மேயர் என்று சொல்ல ஆறு மாநகராட்சிகள்தான், அதிலும் கண்ணூர் 2015-ல் சேர்ந்தது. மற்ற 87 நகராட்சிகளில் சேர்மன்தான். (ஆந்திரா சித்தூருக்கு மேயர் உண்டு, நம்ம சித்தூர்-தத்தமங்கலத்துக்குக் கிடையாது. கூகுளில் தேடினால் ரெண்டு ஊரும் கலந்து வந்து உயிரை வாங்கும்.) மேயரானாலும் சேர்மனானாலும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் எந்த வார்டில் ஜெயித்தார், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தின் முடிவுகளில் பாருங்கள். பாதியில் இறங்கியிருந்தால் உடனே ஊழல் என்று முடிவு கட்டாதீர்கள், கூட்டணிக்குள் ரெண்டரை வருஷம் உனக்கு, ரெண்டரை வருஷம் எனக்கு என்று பேசி வைத்திருப்பார்கள். அடுத்த முறை தலைவராகவில்லை என்றால் அந்தப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனாரா என்பது வேறு விஷயம், அதைக் கேளுங்கள்.

நகரசபையிலிருந்து சட்டசபைக்குப் போவது புதிதில்லை. திருவனந்தபுரம் மேயராக இருந்த வி.கே. பிரசாந்த் 2019 இடைத்தேர்தலில் வட்டியூர்க்காவில் ஜெயித்து எம்எல்ஏ ஆனார். இன்னொரு முன்னாள் மேயர் சிவன்குட்டி 2016-ல் நேமத்தில் தோற்று 2021-ல் அங்கேயே ஜெயித்து கல்வி அமைச்சரானார்.

அடுத்து பிரமாணப் பத்திரம். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும், தேர்தல் கமிஷன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் படித்தால் பிரயோஜனமில்லை. ரெண்டு தேர்தலின் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முக்கியமாக மனைவி பேரில் உள்ள நிலத்தை. நிலத்தின் அளவு மாறாமல் மதிப்பு மட்டும் ஏறியிருந்தால் அது சந்தை விலை, சர்வே எண் புதிதாக வந்திருந்தால் அது புதிதாகச் சேர்ந்த நிலம்.

ஆனால் ஆள் யார் என்று காட்டுவது நகரசபைக் கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகம்தான். எம்எல்ஏ சட்டசபையில் பேசுவதை அவருக்கு யாராவது எழுதிக்கொடுக்கலாம். நகரசபைக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு கடை ஏலம், குப்பைக் கிடங்கு, குடிநீர் என்று வரும்போது எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகியிருக்கும். அதில் வியோஜனக் குறிப்பு, அதாவது தீர்மானத்துக்கு எதிராகக் கவுன்சிலர்கள் எழுதிக்கொடுத்தது, கட்டாயம் தேடுங்கள். எதிர்க்கட்சிக்காரர் எழுதியதை விட சொந்தக் கட்சிக்காரர் எழுதியதுதான் ருசி.

இணையத்தில் கிடைக்காத பழைய தீர்மானங்களுக்கு தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, நகராட்சியின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். நான் முதல் முறை "எல்லாத் தீர்மானங்களும் வேண்டும்" என்று எழுதி, கடைசியில் "நேரில் வந்து பாருங்கள்" என்ற பதிலோடு ஒரு மாதத்தைத் தொலைத்தேன். இந்த வருஷம், இந்தக் கட்டிட ஏலம், வந்திருந்த உறுப்பினர் பட்டியல் என்று குறுக்கிக் கேளுங்கள்.

மொழி விஷயம் ஒன்று. 1969-ம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், சாதாரண மனுவுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். தகவல் உரிமை மனுவை மட்டும் மலையாளத்தில் எழுதிவிடுகிறேன், மொழியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டால் நமக்குத்தான் நாள் போகும். வரும் பதிலும் மலையாளத்தில்தான் இருக்கும், படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் மாநில ஆடிட் துறையின் அறிக்கை. தலைவர் காலத்து வருஷங்களை எடுத்து, வசூலாகாத வாடகையும் கணக்குக் காட்டாத முன்பணமும் எங்கே என்று பாருங்கள்.

தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அதனால் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.