மாவட்ட அலுவலகமா, ஊராட்சி மன்றமா? மலேசியாவில் சரியான முகப்பைக் கண்டறிந்து அணுகும் முறை

செராஸ் என்று முகவரியில் எழுதும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் வீடு கூட்டரசுப் பிரதேசத்துக்குள் அமைந்து, கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு வரி செலுத்துகிறது. இன்னொரு குடும்பம் ஒன்பதாவது மைலில், சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கின் ஊராட்சி மன்றத்துக்கு உட்பட்ட பகுதியில் வசிக்கிறது. இரு வீட்டாரும் செராஸ்வாசிகள்தாம். ஆயினும் கால்வாய் அடைத்துக்கொண்டால் அவர்கள் முறையிட வேண்டிய இடமும், நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற நினைத்தால் ஏற வேண்டிய படியும் வெவ்வேறு. அஞ்சல் முகவரியையும் வாக்களிக்கும் தொகுதியையும் வைத்து அலுவலகத்தைத் தீர்மானிப்பதே நம்மவர் அலைச்சலுக்கு முதற்காரணம் என்பது என் கருத்து.

அடிப்படையை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வி, மருத்துவமனை, குடியுரிமை, அடையாள அட்டை முதலியவை கூட்டரசின் பொறுப்பு. மாவட்ட அலுவலகமும் நில அலுவலகமும் மாநில அரசின் நேரடிக் கைகள். தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் மாவட்ட அதிகாரியின் தலைமையில் இயங்குகின்றன. ஊராட்சி மன்றமோ 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த தனிச் சட்ட அமைப்பு. அதற்கென்று தனி வருவாயும் துணைச் சட்டங்களும் அமலாக்க அதிகாரிகளும் உண்டு. மாவட்ட அதிகாரி அதற்கு மேலதிகாரி அல்லர். எனவே மாவட்ட அதிகாரியிடம் போய்க் குப்பை அள்ளவில்லை என்று மனுக் கொடுத்தால், அவர் பெரும்பாலும் அதை உரிய மன்றத்துக்கு அனுப்பிவைப்பார். நம் கணக்கில் சில வாரங்கள் கழிந்திருக்கும்.

மன்றங்கள் மூன்று வகை. மாநகர் மன்றத்துக்கு டத்தோ பண்டார் எனப்படும் மேயர் தலைவர். நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் யாங் டிபெர்துவா எனப்படுபவர் தலைவர். மாவட்ட மன்றம் என்ற பெயர்தான் மிகுந்த குழப்பத்தைத் தருகிறது: அது மாவட்ட அலுவலகத்தின் கிளை அன்று, நகரத்தன்மை குறைந்த பகுதிகளுக்கான ஊராட்சி மன்றமே.

மாவட்டத்தின் எல்லையும் மன்றத்தின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பினாங்கில் ஐந்து மாவட்டங்களுக்கு இரண்டே மன்றங்கள். தீவுக்கு ஒன்று, செபராங் பிறைக்கு ஒன்று. சிலாங்கூரில் ஒன்பது மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மன்றங்கள். அவற்றுள் பெட்டாலிங் மாவட்டம் ஒன்றிலேயே ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா ஆகிய மூன்று மாநகர் மன்றங்களின் பகுதிகள் இருக்கின்றன. அம்பாங் ஜெயா மன்றத்தின் பகுதியில் அம்பாங் முக்கிம் (முக்கிம் என்பது மாவட்டத்தின் உட்பிரிவு) உலு லங்காட் மாவட்டத்தையும், உலு கிளாங் பகுதி கோம்பாக் மாவட்டத்தையும் சேர்ந்தவை. ஒரே மன்றத்துக்கு வரி கட்டும் அண்டை வீட்டார் நில விவகாரத்துக்கு வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போக வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. பெர்லிஸ் மாநிலத்தில் மாவட்டங்களே இல்லை. அது நேராக முக்கிம்களாகப் பிரிந்துள்ளது. கிளந்தானில் மாவட்டத்தை ஜஜாஹான் என்பர்.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு தாள்களை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, ‘சுக்காய் பிந்து’ என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரிச் சீட்டு. அதன் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுவே உங்கள் ஊராட்சி மன்றம். இரண்டாவது, நிலப் பட்டா, அதாவது கெரான். அதில் மாநிலம், மாவட்டம், முக்கிம் அல்லது பட்டணம், லோட் எண் ஆகியவை வரிசையாக இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் வரிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கெரானின் வகையையும் கவனிக்க வேண்டும். கெரான் முக்கிம், பஜாக்கான் முக்கிம், எச்.எஸ்.எம். என்று தலைப்பிட்டவை மாவட்ட நில அலுவலகத்தில் பதிவானவை. இவை பொதுவாக நான்கு ஹெக்டேருக்கு மிகாத நாட்டுப்புற நிலங்கள். வெறும் கெரான், பஜாக்கான் நெகிரி, எச்.எஸ்.டி. என்று இருந்தால் அது மாநில நில, கனிமவள அலுவலகத்தில் பதிவானது. பெயர் மாற்றத்துக்கும் பதிவேட்டுத் தேடலுக்கும் எந்த முகப்பு என்பதை இந்தத் தலைப்பே சொல்லிவிடும்.

வரிகளிலும் இதே பிரிவினைதான். நில வரி மாநிலத்துக்குரியது. ஆண்டுக்கு ஒருமுறை, பொதுவாக மே 31-க்குள் செலுத்த வேண்டும். அடுக்குமாடிவாசிகள் பலர் இது தங்களுக்கு இல்லை என்று எண்ணுகிறார்கள். சிலாங்கூரில் 2018 முதல் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் நில வரிக்குப் பதிலாக ‘சுக்காய் பெத்தாக்’ எனப்படும் பகுதி வரி தனித்தனியே விதிக்கப்படுகிறது. மதிப்பீட்டு வரி மன்றத்துக்குரியது; ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு 31-க்குள்ளும் செலுத்த வேண்டும். நில வரியைக் கட்டாமல் விட்டால் தேசிய நிலச் சட்டத்தின்படி 6A பாரம் வரும். அது கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பாக்கியைச் செலுத்தாவிட்டால் நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்ய முடியும். மதிப்பீட்டு வரிப் பாக்கிக்கு மன்றம் ஜப்தி ஆணை பிறப்பித்து வீட்டிலுள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்றலாம். இரண்டு சீட்டுகளில் ஒன்றைத்தான் இந்த மாதம் கட்ட முடியும் என்றால் எதை முதலில் கட்டுவது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

மதிப்பீட்டு வரி உயர்ந்துவிட்டது என்று ஆட்சேபிக்க விரும்புவோர் தொகையைப் பற்றி வாதிடுவதைக் காட்டிலும் ஆண்டு மதிப்பைப் பற்றி வாதிட வேண்டும். ஜொகூர் தவிர்த்த தீபகற்ப மாநிலங்களில், வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக என்ன கிடைக்குமோ அதுவே ஆண்டு மதிப்பு. அதில் ஒரு விழுக்காட்டை மன்றம் வரியாக நிர்ணயிக்கிறது. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 1,000 ரிங்கிட் என்று மன்றம் கணித்து, விகிதம் 6 விழுக்காடாக இருந்தால், ஆண்டு வரி 720 ரிங்கிட், அரையாண்டுக்கு 360. ஜொகூரில் சொத்தின் மேம்பட்ட மதிப்பை, அதாவது நிலமும் கட்டடமும் சேர்ந்து விற்றால் நியாயமாகக் கிடைக்கும் விலையை, அடிப்படையாகக் கொள்கிறார்கள். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியாகும்போது, அதை மறுஆய்வு செய்யக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து வடிவில் ஆட்சேபம் தர வேண்டும். அதே வரிசையில் உள்ள வீடுகளின் வாடகை ஒப்பந்த நகல்கள், வீட்டின் பழுதுகளைக் காட்டும் படங்கள் போன்றவற்றை இணைப்பது நல்லது. ‘ஓய்வுபெற்றவன், கட்ட முடியவில்லை’ என்பது ஆட்சேபத்துக்கான காரணம் ஆகாது. சலுகை கேட்கும் தனி விண்ணப்பமாகவே அதை அளிக்க வேண்டும்.

வீடு கைமாறும்போது நேரும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர் நில அலுவலகத்தில் பெயரை மாற்றிவிட்டால் மன்றத்தின் பதிவேட்டிலும் பெயர் தானாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதங்களுக்குள் ஐ, ஜே பாரங்கள் வழியாக மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பாக்கிக் கடிதங்கள் பழைய உரிமையாளரின் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஆலய நிலம்

நம் சமூகத்தில் மாவட்டத்துக்கும் மன்றத்துக்கும் இடையே அதிகம் சிக்கிக்கொள்வது ஆலயங்கள்தாம். தோட்டம் துண்டாடப்பட்டு, தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், எந்த நிலத்தில் நிற்கிறோம் என்றே அறியாமல் திருப்பணி தொடங்கும் நிர்வாகங்கள் உண்டு. செங்கல் வாங்குமுன் நிலத்தின் நிலையை அறிவதே முதல் வேலை. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடினால், அது தனியார் நிலமா, அரசு நிலமா, சாலைக்கோ ஆற்றுக்கோ பொதுப் பயனுக்கோ ஒதுக்கப்பட்ட நிலமா என்பது தெரியவரும்.

தனியார் நிலமாயின் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இன்றி மேற்கொண்டு எதுவும் நடக்காது. அரசு நிலமாயின், சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிந்த அமைப்பின் பெயரில் மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகம் மன்றம், பொதுப்பணி இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா முதலியவற்றின் கருத்தைக் கேட்டுக் கோப்பைத் தயாரிக்கும். முடிவெடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்குரியது. ஒப்புதல் கிடைத்தபின் வரும் 5A பாரத்திலுள்ள தொகையைக் குறித்த காலத்துக்குள் செலுத்தாவிட்டால் அந்த ஒப்புதல் காலாவதியாகிவிடும். பல ஆண்டுகள் அலைந்து பெற்றதை ஒரு கடிதத்தைக் கவனியாமல் இழப்பதைவிட வேதனை வேறில்லை என்பதால், செயலாளர் மாறும்போது அஞ்சல் முகவரியையும் மாற்றித் தெரிவிக்க வேண்டும்.

தற்காலிக நில உரிமம் வைத்திருப்பதே பட்டா வைத்திருப்பது போலத்தான் என்று கருதுவோர் கவனிக்க: அது வழங்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் இறுதியைத் தாண்டாது; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் இயலாது.

நிலம் உறுதியான பிறகே மன்றத்தின் முறை வருகிறது. திட்டமிடல் அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல் இரண்டும் அங்கே பெற வேண்டியவை. வழிபாட்டிடத்துக்கு மதிப்பீட்டு வரி விலக்கு உண்டு என்பது பாதி உண்மை: இலாப நோக்கின்றி வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்துக்கு மாநில அரசு தன் விருப்பப்படி விலக்கு அளிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. விண்ணப்பியாமல் அது வராது. ஆலய மண்டபத்தைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் நிர்வாகங்கள் இதில் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

கடை திறப்போர்க்கும் ஒரு சொல். நிறுவன ஆணையத்தில் பதிந்த சான்றிதழ் கடை நடத்தும் உரிமம் ஆகாது. கடை இருக்கும் இடத்தின் மன்றத்திடம் வளாக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் தனியே பெற வேண்டும். பலகையில் தமிழ் இடம்பெறலாம், ஆனால் மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும். ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி காரணம் கூறாமலே உரிமத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு என்பதையும் அறிந்து வைத்திருப்பது நலம்.

சாலை, குப்பை, கால்வாய்

குழி விழுந்த சாலை யாருடையது என்பதைச் சாலை எண்ணே காட்டிக்கொடுக்கும். எழுத்தின்றி எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்குமுன் மாநிலத்துக்குரிய எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு B, பேராக்குக்கு A, ஜொகூருக்கு J, பினாங்குக்கு P. இவ்விரண்டையும் பொதுவாகப் பொதுப்பணி இலாகா பராமரிக்கிறது. எண்ணே இல்லாத தாமான் சாலை மன்றத்துக்குரியது. கட்டண நெடுஞ்சாலைக்கு அதை நடத்தும் நிறுவனம் பொறுப்பு.

குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தபோது கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகியவற்றில் அந்தப் பொறுப்பு கூட்டரசின் கைக்குப் போனது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்றவற்றில் அது மன்றங்களிடமே இருந்துவிட்டது. வீட்டோரக் கால்வாய் மன்றத்துடையது. ஆறும் அதன் கரையும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பார்வைக்குட்பட்டவை.

புகார் அளிக்கும்போது இடத்தின் பெயரோடு லோட் எண் அல்லது விளக்குக் கம்ப எண்ணைக் குறிப்பிட்டு, படத்தை இணைத்து, புகார் எண்ணைத் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த கட்டமாக அப்பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினரிடம் அந்த எண்ணுடன் எழுதலாம். ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருப்பர். அவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசே நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் இந்தோனேசிய மோதல் காலத்தில், 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்தலாம் என்று பரிந்துரைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஆதி நாகப்பன் என்ற நம்மவரே. 1968-இல் நிறைவுற்ற அந்த அறிக்கையின் இந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. எனவே உறுப்பினர் அசையாவிட்டால் அவரை நியமிப்பதில் பங்குள்ள மாநில ஆட்சிக்குழுவை, அதாவது சட்டமன்ற உறுப்பினர் வழியாக ஊராட்சித் துறைக்கான ஆட்சிக்குழு உறுப்பினரை அணுகுவதே பயன் தரும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு மன்றத்தின்மீது நேரடி அதிகாரம் இல்லை. கோலாலம்பூரில் கதை வேறு. அங்கே மாநில அரசோ சட்டமன்றமோ இல்லாததால் மேயருக்கு மேலே இருப்பது கூட்டரசு அமைச்சர்தான்.

சபாவுக்கும் சரவாக்குக்கும் தனி நிலச் சட்டங்களும் தனி ஊராட்சிச் சட்டங்களும் உள்ளன. சரவாக்கில் மாவட்டத்துக்கு மேலே ரெசிடென்ட் தலைமையிலான பிரிவு என்ற அடுக்கும் இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன பார எண்களையும் கெடுக்களையும் அங்கு அப்படியே பொருத்தக் கூடாது.

தீபகற்பத்தில் இருப்போர் பலர் பயன்படுத்தாத உரிமை ஒன்றும் உண்டு. ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம், தீர்மானம் இயற்றி மூடப்பட்டாலன்றி, பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தது. துணைக்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. கூட்ட நாளை மன்றச் செயலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, புகார் எண் எழுதிய தாளோடு போய்ப் பார்வையாளர் வரிசையில் அமரலாம்.