டயர் சென்சாருக்கு பேட்டரி மாற்றுவது எப்படி? மலையில் கார் ஓட்டுபவர்களுக்கான செய்முறை

ஊட்டியில் மார்கழி, தை மாத விடியற்காலையில் காரை எடுக்கும்போது டயர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பங்க்குக்குப் போய்க் காற்று அடித்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். காற்று சரியாக இருந்தும் அணையவில்லை என்றால், டயர் காற்றழுத்த சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். சாவியைத் திருப்பியதிலிருந்து விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டு அதன்பின் நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று பொருள். பெரும்பாலான கார்களில் இப்படித்தான். நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டும் திரை இருந்தால், தகவல் வராத சக்கரத்தில் எண்ணுக்குப் பதில் சிறு கோடு மட்டும் தெரியும்.

காலையில் காணாமல் போய், வெயில் ஏறியதும் எண் திரும்பி வருகிறதா? அது பேட்டரியின் கடைசிக் காலம். குளிரில் லித்தியம் செல்லின் உள்மின்தடை கூடும். சென்சார் ரேடியோ அலை அனுப்பும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். ஊட்டிக்கு அருகே உள்ள தலைகுந்தாவில் புல்லின் மேல் உறைபனி பூத்திருக்கும் நாட்களில் இந்தக் குறை முதலில் வெளியே தெரியும்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

மூன்று வகை உண்டு. திரையில் எண்ணே காட்டாமல், காற்று அடித்தபின் ஒரு பட்டனை அழுத்தி ரீசெட் செய்யச் சொல்லும் கார் என்றால், அது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்களை வைத்து சக்கரத்தின் சுழற்சி வேகத்தைக் கணக்குப் போடும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் பேட்டரியே கிடையாது. உரிமையாளர் கையேட்டைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி வைத்த கறுப்புக் குமிழ் இருந்தால், அது வெளியே மாட்டும் வகை. இரண்டும் இல்லாமல் எண் மட்டும் காட்டினால், சென்சார் டயருக்குள்ளே வால்வின் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

வெளியே மாட்டும் வகை

வீட்டு வாசலிலேயே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. பெரும்பாலானவற்றில் சிஆர் 1632 என்ற பட்டன் செல் இருக்கும். 16 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். பழைய செல்லின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். கனம் மாறினால் மூடி சரியாக மூடாது.

ஒவ்வொரு சக்கரமாகச் செய்யுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது எந்த டயருடையது என்று குழம்பிவிடும். அடியிலுள்ள பூட்டு நட்டை உடன் வந்த சின்ன ஸ்பேனரால் தளர்த்தி, குமிழைத் திருகிக் கழற்றுங்கள். காற்று ஒரு கணம் ‘உஸ்’ என்று வரும், பயப்பட வேண்டாம். குமிழின் மேல்மூடியைத் திருகினால் செல் தெரியும். பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்து, பிளஸ் பக்கம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே புதியதை வையுங்கள்.

மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் நாள் முழுக்க நனையும். வளையம் பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்றால் தண்ணீர் இறங்கிப் புதுச் செல்லும் கெட்டுவிடும். துளி சிலிகான் கிரீஸ் தடவி உட்கார வைத்து, மூடி, வால்வில் கையாலேயே இறுக்குங்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

டயருக்குள் இருக்கும் வகை

இதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் டயரைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டு, செல் மாற்றும் வேலையை எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கலாம்.

இந்தச் செல்கள் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். நான்கும் ஒரே வயது என்பதால் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே போகும். ஆகவே புது டயர் போடும் நாளில் நான்கையும் சேர்த்து மாற்றுவதே சரி. டயர் பிரிக்கும் கூலியும் மிச்சம்.

செல் வாங்கும்போது கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கார் சென்சார்களில் அதிகம் காணப்படுவது சிஆர் 2450 அளவு, சிலவற்றில் சிஆர் 2032. கடையில் ரிமோட்டுக்கும் கால்குலேட்டருக்கும் தரும் சாதாரண வகை சுமார் 60, 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். எண்ணின் பின்னால் ‘ஹெச்ஆர்’ என்று போட்ட வகை மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை தாங்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கின் சூடு ரிம்முக்குப் போய், அங்கிருந்து சென்சாருக்கும் ஏறும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வதைக் கடைப்பிடித்தாலும் சூடு வரத்தான் செய்யும். காலையில் உறைபனி, மதியம் பிரேக் சூடு இரண்டையும் ஒரே நாளில் தாங்க வேண்டிய செல் இது. இரு முனையிலும் உலோகத் தகடு வைத்து வெல்டிங் செய்த செல்லாகவே கேட்டு வாங்குங்கள். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைத்தால் செல் கெடும், வெடிக்கவும் கூடும்.

இனி வேலை. வீட்டு வாசலே சரிவாக இருப்பது மலையில் சகஜம். சரிவில் ஜாக்கி போடவே போடாதீர்கள். காரை டயர் கடைக்கே கொண்டுபோவது நல்லது. எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிட்டு, கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக, “அண்ணா, உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் அழுத்தாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் இயந்திரத்தின் தகடு வால்வுக்கு எதிர்ப் பக்கத்தில் அழுத்த வேண்டும். வால்வு பக்கம் அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும்.

டயர் பிரிந்ததும் சென்சாரைக் கழற்றி, அதன்மேல் அச்சிட்டிருக்கும் அடையாள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சென்சாரிலேயே செல் மாற்றுவதன் பெரிய லாபம் இதுதான்: பெரும்பாலும் அடையாள எண் மாறாது, காருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செல் இருக்கும் பக்கத்தை ஒரு பூச்சு மூடியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் போல அமுங்கினால் சின்னக் கத்தியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கலாம். கல் மாதிரி இறுகிய எபாக்ஸி (இறுகும் பிசின்) என்றால் விட்டுவிட்டுப் புது சென்சார் வாங்குங்கள். அதை உடைக்கப் போனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டும் போகும், கத்தி செல்லைக் குத்தும் ஆபத்தும் உண்டு. தொடங்குமுன், காற்றழுத்தத்தை அளக்கும் சின்னத் துளையை டேப்பால் மூடிவிடுங்கள்.

செல் வெளியே தெரிந்ததும் பிளஸ் எது, மைனஸ் எது என்று மீண்டும் போட்டோ. தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ஒரே வெட்டில் இரண்டையும் சேர்த்தால் ஷார்ட் ஆகும். போர்டின் பக்கம் சில மில்லிமீட்டர் தகட்டை விட்டுவைத்து, புதுச் செல்லின் தகட்டை அதன்மேல் வைத்துச் சட்டென்று சால்டர் செய்யுங்கள். பழைய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 2.9 வோல்ட் காட்டக்கூடும். அதைப் பார்த்து நல்ல செல்லை மாற்றிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். சுமை ஏறும்போது அது சரிந்துவிடும்.

மேலே திரும்பப் பூச்சு போடுவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ரிம்மில் இருக்கும் பொருளின் மேல் புவியீர்ப்பைப் போல 150 மடங்குக்கு மேல் விசை வரும். ஆறேழு கிராம் எடையுள்ள செல் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு தன் பூச்சைத் தள்ளும். பாதி நிரப்பினால் நிற்காது, இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். வினிகர் வாசனை வரும் சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை சிலிகானோ எலக்ட்ரானிக்ஸ் எபாக்ஸியோ போதும். மலைக் குளிரில் எபாக்ஸி மெதுவாகத்தான் இறுகும், டப்பாவில் போட்ட நேரத்தை நம்ப வேண்டாம். சமையலறை போன்ற கதகதப்பான இடத்தில் முழு நாள் வைத்துவிட்டு, காற்றுத் துளையின் டேப்பை மறக்காமல் எடுங்கள்.

திரும்ப மாட்டும்போது வால்வின் ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினிய வால்வு என்றால், வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்னப் பின் நிக்கல் பூசியதாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளைப் பின் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொள்ளும். வீல் பேலன்சிங் கட்டாயம்.

பிறகு காரை ஓட்டுங்கள். சக்கரம் சுழன்றால்தான் சென்சார் விழிக்கும். ஊட்டியிலிருந்து தலைகுந்தா வரை போய்த் திரும்பினால் போதும், எண்கள் வந்துவிடும். அப்போதும் கோடுதான் என்றால், சென்சாரைத் தட்டி எழுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் கருவி வைத்திருக்கும் கடையில் காட்டுங்கள்.

இனி எவ்வளவு காற்று?

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே டயர் காற்று அளக்கும் கேஜில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் 35 டிகிரி வெயிலிலிருந்து 10 டிகிரிக்கு வந்தால் குளிரால் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறையும். ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சரியாகிவிடும். உறைபனி விழும் காலையில் இன்னும் ஒன்றரை போகும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுபவர்களுக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. நீங்கள் குடியிருக்கும் ஊரில், காலையில் காரை எடுக்கும் முன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று வையுங்கள். மலை இறங்கிய சூட்டில் திரை கூடுதலாகக் காட்டுவதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பழைய செல்களின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பட்டன் செல் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.