ஸ்டாக் இல்லாத கார்டுக்கு விலை கிடையாது: நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். ஆறு நாடுகளின் கிராஃபிக்ஸ் கார்டு விலைகள், மொத்தம் பதினோரு கடைகள். எல்லாவற்றையும் டாலருக்கு மாற்றி, குறைவான விலைகளுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தார். கீழே ஒரு வரி: "அண்ணா, இங்கே வாங்குறது வீண். அங்கே முக்கால் விலைதான்."

பார்த்ததும் எனக்கு, கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த 2021 பிப்ரவரி நினைவுக்கு வந்தது. அன்று நான் போட்டதும் இதே ஷீட்தான். நிறம்கூட பச்சைதான். அந்த ஷீட்டை நம்பி நான் இழந்த பணமும் நாட்களும் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

3060, 3060 டிஐ என்று பெயர் ஒத்த இரண்டு வேறு கார்டுகளைக் குழப்பிக்கொள்வது, யூரோ விலையை டாலர் என்று படிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு தடவை நடந்தால் யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள். திரும்பத் திரும்ப நடப்பவை வேறு.

வரி சேர்ந்த விலையும் சேராத விலையும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கடை காட்டும் விலையில் விற்பனை வரி இருக்காது. பணம் கட்டும் இடத்தில்தான் அது ஏறும். ஒரிகான் போன்ற மாநிலங்களில் வரியே இல்லை. கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுதியிருக்கும் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. ஜப்பானில் 2021 ஏப்ரலில் இருந்து வரியோடு சேர்த்த மொத்த விலையைக் காட்டியே ஆக வேண்டும்.

இதை எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஷீட்டில் அது தெரிவதில்லை. ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 17 அன்று என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வந்தபோது அறிமுக விலை அமெரிக்காவில் 699 டாலர், ஜெர்மனியில் 699 யூரோ, பிரிட்டனில் 649 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் 699 யூரோ என்றால் கிட்டத்தட்ட 825 டாலர். ஐரோப்பாக்காரர்களை ஏமாற்றுகிறார்கள் என்று அப்போது பலர் கொதித்தார்கள். ஜெர்மனியில் அந்தச் சமயம் கொரோனா சலுகையாக வாட் வரியை 16 சதவீதத்துக்கு இறக்கியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் கார்டின் விலை சுமார் 603 யூரோ, அதாவது 710 டாலர் பக்கம். பிரிட்டனின் 20 சதவீதத்தை எடுத்தால் 541 பவுண்டு, ஏறக்குறைய 700 டாலர். மூன்று நாட்டிலும் கார்டுக்கு ஒரே விலைதான் வைத்திருந்தார்கள். வித்தியாசம் முழுக்க வரி.

தட்டுப்பாட்டால் எந்த நாட்டில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் இந்த வரியை எடுத்து வைக்க வேண்டும். 20 சதவீத வரி என்றால் எடுக்கும்போது 1.2-ஆல் வகுக்க வேண்டும். விலையிலிருந்து நேராக 20 சதவீதத்தைக் கழித்தால் தப்பான எண் வரும். தம்பியின் ஷீட்டிலும் அப்படித்தான் கழித்திருந்தார்.

கடையில் இல்லாத கார்டின் விலை

நான் விலை கொடுத்துக் கற்றது இது.

2021 பிப்ரவரியில் வீடியோ வேலைக்கு ஆர்டிஎக்ஸ் 3070 அவசரமாகத் தேவைப்பட்டது. பழைய கார்டு ஒரு நிமிட வீடியோவை முடிக்கவே அரை மணி நேரம் எடுத்தது. 3070-இன் அறிமுக விலை 499 டாலர். ஒருவரிடம் சீல் பிரிக்காத கார்டு இருந்தது. அறிமுக விலையைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார். நான் போனை நீட்டி, ஷீட்டில் பச்சையாக இருந்த 499-ஐக் காட்டிப் பேரம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "அந்த விலைக்குக் கிடைச்சா எனக்கும் ரெண்டு வாங்கிக் கொடுங்க சார்" என்றார். மாலை வரை வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் போகவில்லை.

அமெரிக்காவில் இருந்த நண்பனிடம் 499 டாலர் கார்டை வாங்கச் சொன்னேன். அவனும் தயங்காமல் ஒத்துக்கொண்டான். அடுத்த ஏழு வாரம் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டாக் வந்த நாட்களில் பட்டனை அழுத்துவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு நாள் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே பக்கம் உறைந்து நின்றது. விலை மட்டும் மாறவே இல்லை. முதல் நாளும் 499, கடைசி நாளும் 499. அதற்குள் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனது. ஏப்ரலில் வேறு வழியில்லாமல், அதே 3070-ஐ அறிமுக விலையைப் போல இரண்டேகால் மடங்கு கொடுத்து வாங்கினேன். பிப்ரவரி மாலையில் அந்த மனிதரிடம் திரும்பிப் போயிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தில் ஒரு நல்ல மானிட்டர் வந்திருக்கும்.

கார்டு தயாரிப்பவர் சிலர் தங்கள் நேரடிக் கடையில் அறிமுக விலையை ஏற்றுவதில்லை. பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஆனால் அந்த விலைக்குக் கேட்பவர்கள் ஆயிரம் பேர், கார்டு பத்து. அப்போது அந்தப் பத்தும் முதலில் கிளிக் செய்தவருக்கோ, லாட்டரியில் பெயர் விழுந்தவருக்கோ, பாட் (தானாகவே வாங்கும் மென்பொருள்) வைத்து வாங்குபவருக்கோ போகும். விலையை ஏற்றாத இடத்தில் தட்டுப்பாடு வரிசையாக நிற்கும். இன்னொரு நாட்டில் அதே கார்டு விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, கடை என்று கைமாறி வரும்போது ஒவ்வொருவரும் விலையை ஏற்றுகிறார்கள். அங்கே வரிசை இருக்காது. பணம் இருந்தால் இன்றே கையில் கிடைக்கும். 2021 மே மாதத்தில் ஜெர்மனிக் கடைகளில் என்விடியா கார்டுகள் அறிமுக விலையைப் போல மூன்று மடங்கு வரை விற்றன. ஆனால் அவை கடையில் இருந்தன.

முதல் நாட்டின் வரிசை விலையையும் இரண்டாவது நாட்டின் ரொக்க விலையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினால், அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது நாட்டு வித்தியாசமே கிடையாது. இரண்டு விதமான விற்பனையின் வித்தியாசம் அது. அதே அமெரிக்காவின் மறுவிற்பனைச் சந்தையைப் பார்த்திருந்தால் ஜெர்மனியோடு ஒப்பிடத் தகுந்த ஒரு எண் கிடைத்திருக்கும். அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் நான் தேடவில்லை. இதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சலாக வருகிறது. தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. பச்சைக் கட்டத்தை விட மனம் வரவில்லை.

விலை ஒப்பிடும் தளங்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. குறைந்த விலையை மேலே காட்டுவது அவற்றின் வேலை. தட்டுப்பாட்டுக் காலத்தில் மேலே நிற்பது பெரும்பாலும் தீர்ந்துபோன கார்டு, அல்லது எப்போது வரும் என்று தெரியாத முன்பதிவு.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கடையிலும் கார்டைக் கூடையில் போட்டு, அந்த நாட்டு முகவரி ஒன்றின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போவேன். அங்கே டெலிவரி தேதியோடு மொத்தத் தொகை வந்தால்தான் அது ஷீட்டுக்குள் வரும். ஸ்டாக் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுவேன். அறிமுக விலையை அங்கே இட்டு நிரப்ப மாட்டேன். மறுவிற்பனையில் கேட்கும் விலையை எடுக்கக் கூடாது. ஈபே போன்ற இடங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதில் பத்துப் பதினைந்து விற்பனைகளைப் பார்த்து நடுவில் இருக்கும் தொகையை எடுத்தால் போதும். ஒருவர் 2000 டாலர் கேட்கிறார் என்பதால் அது விலையாகிவிடாது. யாரோ கொடுத்திருக்க வேண்டும்.

தேதி போடாத ஷீட்

2020 டிசம்பர் 31-க்கும் மறுநாளுக்கும் நடுவில் மூன்று விஷயங்கள் மாறின. ஜெர்மனியில் வாட் 16-லிருந்து பழையபடி 19 சதவீதத்துக்குப் போனது. பிரிட்டன் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையை விட்டு முழுதாக வெளியேறியது, அதனால் ஜெர்மனியில் வாங்கி லண்டனுக்கு வரவழைத்தால் இறக்குமதி நடைமுறைகள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் சீனத் தயாரிப்பு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு இருந்த சுங்க விலக்கு காலாவதியாகி 25 சதவீத வரி ஏறியது. அந்த விலக்கு 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. டிசம்பரில் எடுத்த ஒரு நாட்டு விலையையும் ஜனவரியில் எடுத்த இன்னொரு நாட்டு விலையையும் சேர்த்து வைத்தால் அதிலிருந்து ஒன்றையும் தெரிந்துகொள்ள முடியாது.

2021 மேயில் உச்சத்தில் இருந்த விலை, கார்டுகளை வாங்கிக் குவித்த கிரிப்டோ மைனிங்கை (கார்டை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) சீனா நெருக்கியதும், அப்படிச் சம்பாதிக்கும் எத்தீரியம் நாணயத்தின் விலை சரிந்ததும் சேர்ந்து, ஜூன், ஜூலையில் நன்றாக இறங்கியது. சில வாரங்கள்தான். அதனால் எல்லா நாட்டு விலையையும் ஒரே நாளில் எடுங்கள். முடிந்தால் ஒரே மணி நேரத்தில்.

அதே பெயர், வேறு கார்டு

2021 மே முதல் வந்த 3080, 3070, 3060 டிஐ கார்டுகளில் எத்தீரியம் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் எல்எச்ஆர் பூட்டு இருந்தது. விளையாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மைனிங் செய்பவர்கள் பூட்டு இல்லாத பழைய கார்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு நாட்டில் பூட்டு உள்ளதும் இன்னொரு நாட்டில் இல்லாததுமாக எடுத்தால் நாடே விலை கூடியது போலத் தோன்றும். 2022 ஜனவரியில் 12 ஜிபி 3080 வந்தபிறகு 10 ஜிபி விலையோடு அது கலந்தது இன்னொரு குழப்பம். பெயரைப் பார்க்காமல் மாடல் எண்ணை முழுதாகப் பாருங்கள்.

கார்டை மட்டும் விற்காமல் மதர்போர்டு, பவர் சப்ளையோடு சேர்த்துத் தலையில் கட்டும் விற்பனையும் உண்டு. அமெரிக்காவில் நியூஎக் என்ற இணையக் கடை 2021-இல் லாட்டரி முறையில் விற்றபோது பலவும் அப்படித்தான் வந்தன. உங்களுக்குத் தேவையில்லாத பொருளின் விலையும் கார்டின் விலைதான்.

கூகுள் காட்டும் மாற்று விகிதம்

உங்கள் வங்கி அந்த விகிதத்தில் தராது.

கொண்டுவரும் செலவைக் கடைசியில் பார்ப்பது

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு சுங்க வரி இல்லை என்று யாராவது சொல்வார்கள். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த பல நாடுகளில் அது உண்மைதான். ஆனால் சுங்க வரி வேறு, இறக்குமதியில் கட்டும் வாட் அல்லது ஜிஎஸ்டி வேறு. இரண்டாவது தப்பாது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அது கார்டின் விலையோடு கூரியர் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படும். அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம்.

நண்பர் வழியாக வாங்கும்போது அங்கேயும் ஒரு வரி. அவர் தன் முகவரிக்கு வாங்கினால் அந்த ஊர் விற்பனை வரியைக் கட்டுகிறார். நீங்கள் இங்கே இறக்குமதி வரி கட்டுகிறீர்கள். முதலில் கட்டியது திரும்ப வராது. ஐரோப்பியக் கடையிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் வாட் கழித்துத் தரும் கடைகள் உண்டு, தராத கடைகளும் உண்டு. ஆர்டர் போடும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் ஷீட்டில் பாதி வேலை குறையும். வித்தியாசம் இந்தச் செலவை விடக் குறைவு என்றால் அந்த நாட்டைப் பார்க்கவே வேண்டாம்.

வாரண்டி

சீரியல் எண் எந்த நாட்டுக்கானதோ அந்த நாட்டில்தான். விதிவிலக்கு உண்டென்றால் நிறுவனமே எழுதித் தரட்டும்.

இன்னொரு ஊரின் அநியாய விலையை அளவுகோலாக வைப்பது

"அங்கே மூன்று மடங்கு, இங்கே இரண்டு மடங்குதான், உடனே வாங்கிவிடலாம்" என்று ஒருவர் சொல்லும்போது என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. இரண்டு மடங்கு இரண்டு மடங்குதான். பக்கத்து நாட்டைப் பார்த்து அது மலிவாகாது. உங்கள் வேலைக்கு அந்தக் கார்டு இன்றே தேவையா, மூன்று மாதம் தள்ளினால் எவ்வளவு நஷ்டம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தம்பியின் ஷீட்டுக்குத் திரும்ப வருகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பதினோரு கடையையும் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தோம். எட்டில் ஸ்டாக் இல்லை, அவர் பச்சை அடித்திருந்த நான்கும் அந்த எட்டில்தான் இருந்தன. மிஞ்சிய மூன்றில் ஒன்று வெளிநாட்டுக்கு அனுப்பாது. மற்ற இரண்டிலும் வரியும் கூரியரும் சேர்த்தால், அவர் இருக்கும் ஊர் விலையை விட ஒன்று 40 டாலர் அதிகம், இன்னொன்று 15 டாலர் குறைவு. அந்த 15 டாலருக்காக வாரண்டியை விடுவதா என்று கேட்டேன். காலையில் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.