பனியாற்று ஓடையைக் கடக்க விடியற்காலைதான் சரி

பனியாறு உருகி ஓடிவரும் ஓடையில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தால், விடியற்காலையிலேயே கடந்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட உயர்மலைப் பகுதிகளில் பல ஓடைகளுக்குப் பாலம் இருக்காது. மாலையில் போய் நின்றால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரவுக் குளிரில் பனி உருகுவது குறைந்துவிடும். வெயில் ஏற ஏறத்தான் உருகும். அந்த நீர் பனிக்குள்ளும் அடியிலும் வழி பிடித்து வெளியே வரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் உச்சிவெயில் தணிந்த அப்புறம் ஓடை பொங்குகிறது. காலையில் கணுக்கால் அளவு ஓடியது மாலையில் முழங்காலைத் தாண்டலாம். பாறைத்தூள் கலந்து பால்போல வெளுத்த நீர் வேறு. அடியில் கிடக்கும் கல்கூடத் தெரியாது.

சந்தேகமாக இருந்தால் நீர் விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கவனியுங்கள். கல் மூழ்கிக்கொண்டே போனால் இறங்காதீர்கள்.

இரவில் மழை பெய்திருந்தாலோ, குளிரே இல்லாத இரவாக இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. பனியாற்றை விட்டு வெகுதூரம் கீழே வந்துவிட்டாலும் அப்படித்தான். மேலே மாலையில் பொங்கிய நீர் அங்கே வந்து சேர இரவாகிவிடும், சில இடங்களில் விடிந்தும்விடும். கடுங்குளிர் காலையில் ஓடைக் கற்களின்மேல் கண்ணாடிபோல உறைபனி படிந்திருக்கும், அவற்றில் கால் வைக்க வேண்டாம்.