முதுமையில் தள்ளாட்டம் குறைய: கண், உட்காது, பாதம் மூன்றுக்கும் பயிற்சி

நாம் சாயாமல் நிற்க, கண், உட்காது, பாதம் ஆகிய மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. வயதாக ஆகப் பாத உணர்ச்சி மங்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம். பகலில் கண் அதைச் சமாளித்துவிடும். இருட்டில் எழுந்து நடக்கும்போதுதான் குறை தெரியும். அதனால் கால் பலத்தை மட்டும் கூட்டினால் போதாது.

அறை மூலையில், சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் சக்கரமில்லாத கனமான நாற்காலி, பக்கத்தில் ஒருவர். வெறுங்கால் நல்லது. பாதம் மரத்திருந்தால் மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். சாக்ஸ் மட்டும் வேண்டாம், வழுக்கும்.

முதலில் பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். அடுத்து, ஒரு காலின் பெருவிரல் மறுபாதத்தின் உட்பக்க நடுவைத் தொடட்டும். பிறகு முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொட ஒரே கோட்டில். கடைசியாக ஒற்றைக்கால். பிடிக்காமல் 10 விநாடி நின்றால்தான் அடுத்த நிலை. ஒரே கோட்டில் 10 விநாடி நிற்க முடியாதவர் விழும் வாய்ப்பு அதிகம். அவர் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்வதே சரி.

நிலை கைவந்ததும், நேரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை மெதுவாக இடவலமாக 10 முறை திருப்புங்கள், இது உட்காதுக்கு. கண் மூடி நிற்பது பாதத்துக்கு. அப்போது ஒரு நிலை கீழே இறங்கித் தொடங்குங்கள். தடித்த ஃபோம் மெத்தை அதற்கும் பிறகு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கடினமாக்க வேண்டும். கண்ணும் மூடி மெத்தையிலும் ஏறினால், கற்றுக்கொள்ள நேரமில்லாமல் உடல் விறைத்துப்போகும்.

பெரும்பாலோர் தவறுவது நாற்காலியை இறுகப் பிடிப்பதில். கை தாங்கினால் கணுக்காலுக்கு வேலையே இல்லை. முழுக்கை, இரண்டு விரல், ஒரு விரல், பிறகு தொடாமல் நாற்காலிக்குச் சற்று மேலே கை என்று குறையுங்கள். லேசாக ஆடுவது நல்லது, அதைத் திருத்தத்தான் கணுக்கால் பழகுகிறது. குனிந்து பாதத்தைப் பார்க்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள்.

முடிவில் சுவரோரம் 10 காலடி குதிகால்-விரல் நடை, பக்கவாட்டு நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 8 முறை எழுந்து உட்காருதல். 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது இப்படிப்பட்ட பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தலைசுற்றல், நெஞ்சுவலி, இரட்டைப் பார்வை வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எழுந்ததும் கண் இருட்டுகிறதென்றால் ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.