கரண்ட் வைத்தியத்தின் கதையில் சறுக்கும் இடங்கள்

மின்சார வைத்தியம் பற்றித் தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் வரும். “பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தலையில் ஷாக் வைப்பார்களே, அதுவா?” என்பார் ஒருவர். “என் முட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள், வலி பறந்துவிட்டது” என்பார் இன்னொருவர். இருவருமே கரண்ட்டை ஒரே மருந்தாக நினைக்கிறார்கள். எவ்வளவு, எங்கே, எதற்காக என்பதைக் கேட்காமல் விடுவதில்தான் மற்ற தவறுகளும் கிளைக்கின்றன.

பழங்கதையிலிருந்தே வரலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், கால்விரல் மூட்டு வீங்கி வலிப்பவர்களுக்கு ஒரு வழி எழுதிவைத்தார். ஈரமான கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கையை மிதித்தபடி, முட்டிவரை மரத்துப்போகும் மட்டும் நிற்க வேண்டும். தீராத தலைவலிக்கும் அதே மீன்தான். உடனே “ரோமர்களுக்கு அப்போதே மின்சாரம் தெரியும்” என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மரத்துப்போவது மட்டுமே. அந்த மீன் தரும் அடி மின்சாரம்தான் என்று ஜான் வால்ஷ் காட்டியது 1772இல், பிரான்சின் லா ரோஷெல் கடற்கரையில். இந்த வால்ஷ் பிறந்தது நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில். ராபர்ட் கிளைவுக்குச் செயலராகவும் இருந்தவர்.

அடுத்த தவறு ஊர்ப் பெருமையில் வருவது. இதற்குத் தீனி போட டெல்டாவில் நிறையவே இருக்கிறது. மின்சாரத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1740களில் எழுதத் தொடங்கியவர்களில் கிராட்சன்ஸ்டைன் என்ற மருத்துவர் முக்கியமானவர். அவர் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். 1753இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் பேராசிரியராகப் போனார். தரங்கம்பாடியோ 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். பின்னால் வந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸும் அப்படியே. அந்த ஷ்வார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. 1826இல் பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்தபோது, மன்னரின் அறையில் காற்றிறைக்கும் பம்பு, தந்தத்தில் செய்த எலும்புக்கூடு இவற்றோடு மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்ததாகக் குறிப்பு உண்டு.

இத்தனையும் சேர்ந்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது? “200 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சை அரண்மனையில் மின்சார சிகிச்சை” என்று தலைப்பு வைத்துவிடலாம். வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட இயந்திரம் பெரும்பாலும் விருந்தினருக்குத் தீப்பொறி காட்டவும் பாடம் நடத்தவும் பயன்பட்டது. இயந்திரம் இருந்ததாலேயே நோயாளிக்கு வைத்தார்கள் என்று ஆகிவிடாது. சரபோஜியின் மருத்துவ ஆர்வத்துக்குத் தன்வந்திரி மகாலும், கண் நோயாளிகளைப் படம் வரைந்து எழுதிவைத்த குறிப்புகளும் சாட்சியாக இருக்கின்றன. அவருக்கு நாம் எதையும் இட்டுக்கட்டத் தேவையில்லை.

அந்தக் கால வைத்தியம் முழுவதும் மோசடி என்று ஒதுக்குவதும் தவறுதான். மின்சார பெல்ட் விற்ற 19ஆம் நூற்றாண்டு வியாபாரிகள் மோசடிக்காரர்கள், சரி. ஆனால் பெஞ்சமின் பிராங்கிளினைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்கள் அவரைத் தேடிவர, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லெய்டன் ஜாடியில் மின்சாரம் ஏற்றி, விழுந்துபோன கையிலும் காலிலும் அடி கொடுத்தார். முதல் சில நாட்கள் முன்னேற்றம் தெரிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நிலைத்த பலன் எதையும் தான் பார்க்கவில்லை என்று 1757இல் ஒளிக்காமல் எழுதினார். கிடைத்த கொஞ்ச முன்னேற்றத்துக்குக்கூட, தினமும் தன் வீட்டுக்கு வந்துபோன உடற்பயிற்சியும் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையும் காரணமாக இருக்கலாம் என்றார். இன்றைக்கும் எந்த வைத்தியத்துக்கும் முதலில் கேட்க வேண்டிய சந்தேகம் இது.

இப்போது தலையில் வைக்கும் ஷாக். சினிமா இதில் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. கட்டிப்போட்டு, வாயில் துணி திணித்து, வில்லன் சுவிட்சைப் போடுவான். உண்மையில் இங்கே வேலை செய்வது மூளையில் வரும் வலிப்பு. மின்சாரம் அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே. 1934இல் புடாபெஸ்டில் மெடுனா என்ற மருத்துவர் மருந்து கொடுத்தே வலிப்பை வரவைத்தார். மின்சாரத்தால் அதைச் செய்தவர்கள் செர்லெட்டியும் பினியும், 1938இல், ரோமில். பன்றியைக் கொல்லும் முறையை மனிதனிடம் செய்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ரோம் இறைச்சிக்கூடத்தில் செர்லெட்டி கண்டது அதற்கு நேர்மாறு: மின்சாரம் பன்றிகளை மயக்கியது, சாகடிக்கவில்லை. மனிதத் தலையிலும் உயிருக்கு ஆபத்தில்லாமல் வைக்க முடியும் என்ற தைரியம் அதில்தான் வந்தது.

அதற்காகப் பழைய கொடுமையை மறைக்கவும் கூடாது. மயக்க மருந்து இல்லாமல், உடல் தூக்கிப்போட்டு எலும்பு முறிந்தவர்கள் உண்டு. நம் நாட்டிலும் வெகுகாலம் மயக்கம் கொடுக்காமல் செய்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்தது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கட்டாயம். சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான நாட்களின் நினைவு சிலருக்கு அழிந்துபோவதும் உண்மை, அதை டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டும். ஆனால் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அசையாது உறைந்துபோனவருக்கும், சாவதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத அளவு மனச்சோர்வு முற்றியவருக்கும் இது உயிரைக் காக்கிறது. குணசீலம் கோயிலில் நோயாளியை 48 நாள் தங்கவைக்க நினைக்கும் குடும்பத்தாரும் அதோடு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சினிமாவின் இன்னொரு பிழை: திரையில் நேர்கோடு ஓடியதும் நெஞ்சில் ஷாக் கொடுப்பது. அந்தக் கருவி, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு நொடி அடக்கி ஒழுங்குக்குத் திருப்புவதற்கானது. முழுதாக நின்ற இதயத்துக்கு நெஞ்சை அமுக்குவதும் மருந்தும்தான்.

வயலில் இறங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பாம்புக்கடி. 1986இல் ‘லான்செட்’ இதழில், ஈக்வடாரில் பாம்பு கடித்தவர்களுக்கு இன்ஜினிலிருந்து எடுத்த மின்சாரத்தால் ஷாக் கொடுத்துக் குணமானதாக ஒரு கடிதம் வந்தது. உலகம் முழுக்க அதை நம்பி ஷாக் கருவி விற்றார்கள். பிறகு விலங்குகளில் சோதித்ததில் விஷத்தின்மேல் எந்தப் பலனும் தெரியவில்லை. விஷம் ஏறாத கடியும் நிறைய உண்டு, அப்படிப்பட்டவர் எதைச் செய்தாலும் பிழைப்பார். பெயர் ஷாக்குக்குப் போய்விடும். வரப்பில் நிற்கிற பைக்கின் பிளக் வயரை யாராவது கழற்றப் போனால் தடுத்துவிடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் சேர்த்தே விஷமுறிவு ஊசி இருக்கிறது. 108ஐக் கூப்பிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, நாற்று நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் பிசியோதெரபியில் வைத்துக்கொள்ளும் கரண்ட். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியை வேறு உணர்ச்சியால் அடைக்கலாம் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன கருத்தை ஒட்டி வளர்ந்தது இது. வலி கொஞ்ச நேரம் அடங்கும். அந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாமல், கரண்ட் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மறுநாள் அதே இடுப்புதான். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் படுக்கையில் ஏறும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.